ஒரு ஏக்கரில் உயர்புல் பிரெய்ரி: நிலத் தயாரிப்பிலிருந்து முதல் தீ வரை

ஆகஸ்ட் கடைசியில் கான்சாஸ் மாநிலத்தின் பிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் பிக் புளூஸ்டெம் புல் ஆளுயரத்துக்கு நிற்கும். தண்டின் அடிப்பக்கம் நீலம் பாய்ந்திருக்கும்; உச்சியில் கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழியின் கால்விரல்களைப் போல விரியும். செப்டம்பரில் அந்தப் புல் செம்பு நிறத்துக்கு மாறும்போது இந்தியன் கிராஸின் பொன்னிறக் கதிரும், கோல்டன்ராடின் மஞ்சளும், ஆஸ்டரின் ஊதாவும் கூடவே சேர்ந்துகொள்ளும். பிரெய்ரி எனப்படும் இந்தப் புல்வெளியின் அழகில் ஓர் ஒழுங்கு உண்டு. மே மாதப் பூக்கள் கணுக்கால் உயரத்தில் பூக்கும், ஜூன், ஜூலைப் பூக்கள் முழங்கால், இடுப்பு உயரத்தில் பூக்கும், ஆகஸ்டில் பூப்பவை தலைக்கு மேலே போய்விடும். புல் வளர வளர, வெயிலை எட்டிப்பிடிக்கப் பூக்களும் உயர்ந்துகொண்டே போகின்றன.

வட அமெரிக்காவில் இந்த உயர்புல் பிரெய்ரி ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கரில் பரந்திருந்தது. இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி பிளின்ட் ஹில்ஸில்தான் இருக்கிறது. அங்கே மண் ஆழமில்லை, கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக் கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும் தட்டுப்படும். கலப்பை இறங்கவில்லை, அதனால் புல் பிழைத்தது. கல் இல்லாத இல்லினாய், அயோவா மாநிலங்களின் கதை வேறு. 1837-இல் ஜான் டீர் எஃகுக் கலப்பையைச் செய்தார். ஒட்டிப்பிடிக்கும் கரிய மண் அந்தக் கலப்பையில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. பின்னால் சுட்ட மண்குழாய்களைப் புதைத்து ஈர நிலங்களையும் வடித்தார்கள். இல்லினாயில் 2.2 கோடி ஏக்கராக இருந்த பிரெய்ரியில் இன்று நல்ல நிலையில் இருப்பது 2,300 ஏக்கர் அளவுதான். அதுவும் ரயில் பாதை ஓரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

அழிந்ததைத் திரும்ப வளர்க்கும் முயற்சி 1930-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத் தாவரப் பூங்காவில் தொடங்கியது. இன்று கர்டிஸ் பிரெய்ரி என்று அழைக்கப்படும் அந்த நிலம்தான் உலகின் மிகப் பழைய மீட்டெடுத்த பிரெய்ரி. அதன் பிறகு எத்தனையோ இடங்களில் செய்து பார்த்துத் தேறிய முறைதான் கீழே வருவது. அளவுகள் இல்லினாய், அயோவா பக்கத்து நடுத்தர ஈரமுள்ள கரிய மண்ணுக்கும், ஒன்றிரண்டு ஏக்கர் நிலத்துக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள். விதைப்பது ஒரு நாள் வேலை. விதைப்புக்கு முந்தைய ஓராண்டும் பிந்தைய மூன்றாண்டும்தான் அது பிரெய்ரியா, களைக்காடா என்பதைத் தீர்மானிக்கின்றன. தோல்விகளில் பெரும்பாலானவை அந்த முந்தைய ஓராண்டைச் சுருக்கியதால் வருபவை.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

விதை வாங்கும் முன் ஒரு முழுப் பருவம் அந்த நிலத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒருபோதும் உழப்படாத மூலை ஏதாவது இருக்கிறதா? சரிவான ஓடைக்கரை, கல் மேடு, வேலியோரம், ரயில் பாதையை ஒட்டிய பட்டை ஆகியவை முக்கியம். அங்கே லெட் பிளான்ட், பிரெய்ரி டிராப்சீட், ஷூட்டிங் ஸ்டார் போன்ற பிரெய்ரிச் செடிகள் ஒன்றிரண்டு தென்பட்டால் அது பழைய பிரெய்ரியின் எச்சம். அதை உழவும் வேண்டாம், அதில் வெளி விதை தூவவும் வேண்டாம். புதரை வெட்டி, முறையாகத் தீ வைத்தால் போதும். புதைந்து கிடப்பவை தாமாக எழும்பும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவான ஒரு சமூகத்தை விதைப் பையால் ஈடுகட்ட முடியாது.

அடுத்து நீர். மழைக்குப் பின் தண்ணீர் இரண்டு நாள் நிற்கும் இடம், சட்டென்று வடியும் மேடு ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு வேறு வேறு விதைக் கலவை தேவை. நிலத்துக்கு அடியில் வடிகால் குழாய் இருந்தால் அதை உடைக்கும் முன் மேலே உள்ள அண்டை வயலின் தண்ணீரும் அதே குழாயில் போகிறதா என்று பாருங்கள்.

விவசாய நிலமாக இருந்தால் முந்தைய இரண்டு ஆண்டுகளில் என்ன களைக்கொல்லி அடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அட்ரசின், இமாசெதாபிர் போன்றவை மண்ணில் தங்கும். புல் முளைத்துவிடும், பூச்செடிகள் மட்டும் காணாமல் போகும். காரணம் தெரியாமல் விதை விற்றவரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

பழைய வேர்களை ஒழித்தல்

தொடங்குவதற்கு மிகச் சிறந்த நிலம், சோயா அறுவடை முடிந்த வயல். களை குறைவு, மண் சமமாகவும் இறுக்கமாகவும் இருக்கும், தாள் அதிகம் கிடக்காது. அக்டோபரில் அறுவடை, நவம்பர் கடைசியில் நேராக விதைப்பு. சோள வயல் என்றால் தட்டையை நறுக்கி அகற்ற வேண்டியிருக்கும். முடிந்தால் இன்னொரு வருடம் சோயா போட்டுவிட்டு விதைப்பது நல்லது.

புல்வெளியோ பழைய மேய்ச்சல் நிலமோ என்றால் வேலை கூடுதல். அங்கே ஸ்மூத் புரோம், டால் பெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் போன்ற ஐரோப்பியப் புற்கள் பாய் விரித்தாற்போல வேரோடியிருக்கும். இவை குளிர்பருவப் புற்கள்: பிரெய்ரிப் புல் கண் விழிக்கும் முன்பே ஏப்ரலில் பச்சை பிடித்து, அது உறங்கப் போன பின்பும் அக்டோபரில் வளர்பவை. ஒரு தடவை மருந்தடித்து முடித்துவிட்டோம் என்று நினைத்தால் அடுத்த வசந்தத்தில் அவை வேர்த்தண்டிலிருந்து திரும்ப வரும்.

செய்ய வேண்டியது இது. மே தொடக்கத்தில் தாழ வெட்டுங்கள். 8 முதல் 10 அங்குலம் மீண்டும் வளர விடுங்கள்; மருந்தை உள்ளே இழுக்கப் பச்சை இலை வேண்டும். பிறகு கிளைபோசேட் களைக்கொல்லி. 41 சதவீத மருந்தென்றால் கைத்தெளிப்பானில் லிட்டருக்கு 20 மில்லி. பாட்டில் லேபிளில் உள்ள அளவும் பாதுகாப்பு விதிகளும்தான் இறுதி. ஜூலை கடைசியில் எழுந்துவரும் பச்சைக்கு இரண்டாவது முறை, செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கத்தில் மூன்றாவது முறை. மூன்றில் மிக முக்கியமானது கடைசிதான். அப்போது குளிர்பருவப் புல் சத்தை வேருக்கு இறக்கிக்கொண்டிருக்கும், மருந்தும் அதோடு வேருக்குப் போகும். நீர்நிலை அருகில் என்றால் அதற்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்தைத்தான் தொட வேண்டும்.

மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு, சில நூறு சதுர அடி வரை கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு நன்றாக வேலை செய்யும். ஏப்ரலில் விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து, ஒரு முழு வளர்பருவம் அப்படியே விடுங்கள். இரண்டு மாதத்தில் எடுத்துவிட்டால் புரோம் திரும்பி வரும்.

உழ வேண்டாம். உழுதால் நிலம் சுத்தமாகத் தெரியும், அது ஏமாற்று. மண்ணில் பல ஆண்டுகளாக உறங்கும் களை விதை அத்தனையும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். உரமும் வேண்டாம். தழைச்சத்து கூடினால் அதைத் தின்று கொழுப்பது களைதான். பிரெய்ரிச் செடிகள் அது இல்லாமலே வாழப் பழகியவை.

விதைக் கலவை

விதையை எடையில் கணக்கிடுவதுதான் புதியவர்களைக் கவிழ்க்கும் இடம். ஒரு அவுன்சில் (பவுண்டில் பதினாறில் ஒரு பங்கு) காம்பஸ் பிளான்ட் விதை சுமார் 660 இருக்கும். கல்வர்ஸ் ரூட் விதை சுமார் 8 லட்சம். எனவே சதுர அடிக்கு எத்தனை விதை என்றுதான் கணக்குப் போட வேண்டும். தூவி விதைப்பதற்குச் சதுர அடிக்கு 40 முதல் 60 விதை நல்ல அளவு. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி.

அதிலும் உயிருள்ள தூய விதை மட்டுமே கணக்கில் வரும். பையில் 80 சதவீதம் தூய்மை, 75 சதவீதம் முளைப்புத் திறன் என்றிருந்தால் இரண்டையும் பெருக்க 60 சதவீதம். அதாவது 1 பவுண்டு உயிருள்ள விதை வேண்டுமென்றால் 1.67 பவுண்டு வாங்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் தராத கடையில் வாங்காதீர்கள்.

ஒரு ஏக்கருக்கு ஒரு மாதிரிக் கலவை. அடைப்புக்குறியில் இருப்பது சதுர அடிக்குக் கிடைக்கும் விதை, ஏறத்தாழ.

புல்: லிட்டில் புளூஸ்டெம் 32 அவுன்ஸ் (11), சைட் ஓட்ஸ் கிராமா 24 (3.3), கனடா வைல்ட் ரை 16 (1.9), இந்தியன் கிராஸ் 8 (2.2), பிக் புளூஸ்டெம் 8 (1.8), பிரெய்ரி டிராப்சீட் 4 (1.5).

பூச்செடி: பர்ப்பிள் பிரெய்ரி குளோவர் 8 அவுன்ஸ் (3.3), பேல் பர்ப்பிள் கோன்பிளவர் 8 (1), கோல்டன் அலெக்சாண்டர்ஸ் 6 (1.5), பிரெய்ரி பிளேசிங் ஸ்டார் 4 (1), ராட்டில்ஸ்னேக் மாஸ்டர் 4 (0.7), காம்பஸ் பிளான்ட் 4 (0.06), கிரே ஹெடட் கோன்பிளவர் 3 (2.1), லெட் பிளான்ட் 3 (1.1), பட்டர்பிளை மில்க்வீட் 3 (0.3), பிளாக் ஐட் சூசன் 2 (4.2), ஸ்மூத் புளூ ஆஸ்டர் 2 (2.5), வைல்ட் பெர்கமாட் 1 (1.6), ஸ்டிஃப் கோல்டன்ராட் 1 (0.9), கல்வர்ஸ் ரூட் கால் அவுன்ஸ் (4.6).

கூட்டினால் சதுர அடிக்குப் புல் 22, பூச்செடி 25. இதில் இரண்டு முடிவுகள் வேண்டுமென்றே எடுக்கப்பட்டவை. முதலாவது, பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் இரண்டும் தலா அரை பவுண்டுதான். பழைய கலவைகளில் இவை பல பவுண்டு போகும். பத்து ஆண்டில் அந்த நிலங்கள் ஒரே புல்லாகி, பூக்கள் நெருக்கித் தள்ளப்பட்டன. இரண்டாவது, ஸ்விட்ச் கிராஸ் இல்லவே இல்லை. நம் பனிவரகின் அதே பேரினத்தைச் சேர்ந்த இந்தப் புல் பிரெய்ரிக்கு உரியதுதான், ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் தீவனத்துக்காகத் தேர்ந்தெடுத்த வீரிய ரகம். புது நிலத்தில் அது எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் ஏக்கருக்கு ஓரிரு அவுன்ஸ், அதுவும் உள்ளூர் விதையாக, நான்காம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

விதை உங்கள் பகுதியிலிருந்து, முடிந்தவரை ஒத்த மண்ணிலிருந்து வந்ததாக இருக்கட்டும். தெற்கே இருநூறு மைல் தள்ளி விளைந்த விதை முளைக்கும், ஆனால் பூத்து முடிக்கும் முன் பனி வந்துவிடும்.

விதைப்பு

நவம்பர் நடுவிலிருந்து, மண் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனபின், மார்ச் தொடக்கம் வரை விதைக்கலாம். இந்தக் காலத்தில் விழும் விதை உடனே முளைக்காது. பனிக்கால ஈரக்குளிர் விதையின் உறக்கத்தைக் கலைக்கும், மண் உறைந்தும் இளகியும் விதையைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். பூச்செடிகளில் பலவற்றுக்கு இந்தக் குளிர் இல்லாமல் முளைப்பே இல்லை. வசந்தத்தில் விதைத்தே ஆக வேண்டுமென்றால், பூச்செடி விதையை ஈர மணலில் கலந்து, குளிர்பெட்டியில் 1 முதல் 4 டிகிரியில் 30 முதல் 60 நாள் வைத்துவிட்டு மே நடுவில் விதையுங்கள். புல்லுக்கு வசந்தம் சாதகம், பூவுக்கு நவம்பர். இரண்டில் ஒன்று என்றால் நவம்பர்தான்.

மண் மேற்பரப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். நடந்தால் கால்தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதியக்கூடாது. பதிந்தால் உருளை ஓட்டுங்கள். விதை போக வேண்டிய ஆழம் எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் அங்குலம் வரை. ஆழமாகப் புதைந்த சிறு விதை முளைவிட்டு, மேலே வரும் முன் சத்து தீர்ந்து செத்துவிடும். விதைப்பு இயந்திரத்தால் விதைக்கும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் இதுதான். பஞ்சுபோன்ற புல் விதைக்குத் தனிப் பெட்டி உள்ள நாட்டுப்புல் இயந்திரம் கிடைத்தால் ஆழத்தை அடிக்கடி தோண்டிப் பாருங்கள். விதைத்த கோட்டில் சில விதைகள் மேலேயே கண்ணில் பட்டால் ஆழம் சரி.

ஒன்றிரண்டு ஏக்கருக்குக் கையால் தூவுவதே நல்லது. விதையோடு அதன் பருமனில் இரண்டு மூன்று மடங்கு ஈர மணல் அல்லது மரத்தூள் கலந்துகொள்ளுங்கள். கனமான விதையும் இறகு போன்ற விதையும் பிரியாமல் இருக்க இந்த ஈரம் உதவும். கலவையைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வடக்கு தெற்காக நடந்தும் மறு பாதியைக் கிழக்கு மேற்காக நடந்தும் தூவுங்கள். ஒரு அங்குலம் வெண்பனி படர்ந்த, காற்றில்லாத, வெயில் வரும் காலை கிடைத்தால் விடாதீர்கள். எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பது பனியின் மேல் பளிச்சென்று தெரியும். வெயில் ஏறக் கறுத்த விதை பனியை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். ஆழமான பனி, கட்டி தட்டிய பனி, பனி உருகி நீர் ஓடும் சரிவு ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

சரிவுகளில் மண் அரிக்காமலிருக்க ஒரு காவல் பயிர் வேண்டும். வசந்த விதைப்புக்கு ஓட்ஸ், இலையுதிர் விதைப்புக்குக் குளிர்காலக் கோதுமை, ஏக்கருக்கு 30 பவுண்டு. ரை தானியத்தையும் ரைகிராஸையும் போடாதீர்கள். இரண்டும் நாற்றுகளை அமுக்கிவிடும்.

முதல் ஆண்டு: வெட்டு, வெட்டு, வெட்டு

ஜூன் மாதம் நிலத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஜயன்ட் பாக்ஸ்டெயில், ராக்வீட், வெல்வெட்லீப் என்று ஒரே களை. விதைத்தது எங்கேயும் தெரியாது. இங்கேதான் பலர் மனம் தளர்ந்து எல்லாவற்றையும் உழுதுவிடுகிறார்கள். உழாதீர்கள்.

பிரெய்ரிச் செடி முதல் ஆண்டு கீழ்நோக்கித்தான் வளரும். வளர்ந்த பிக் புளூஸ்டெமின் வேர் ஏழெட்டு அடி இறங்கும். காம்பஸ் பிளான்ட் வேர் 15 அடி வரை போகும். அந்த வேரைக் கட்டும் ஆண்டில் மேலே காட்ட அவற்றிடம் ஒன்றுமில்லை. காம்பஸ் பிளான்ட் முதல் பருவம் முழுக்க ஒன்றிரண்டு சொரசொரப்பான இலையோடு நிற்கும். உங்கள் வேலை அந்த இலைகளுக்கு வெளிச்சம் போய்ச் சேரச் செய்வது மட்டும்தான்.

களை 12 அங்குலம் தொட்டதும் 4 முதல் 6 அங்குலத்துக்கு வெட்டுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மே கடைசி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. பருவத்தில் நான்கைந்து வெட்டு ஆகும். தாமதித்து இரண்டடி வளர்ந்தபின் வெட்டினால் வெட்டிய தாள் மெத்தையாக விழுந்து நாற்றை மூச்சுத்திணற வைக்கும். தாளைப் பொடியாக்கும் இயந்திரம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் வாரி அகற்றுங்கள். ஒருபோதும் பாக்ஸ்டெயிலை விதை கட்ட விடாதீர்கள். களையைக் கையால் பிடுங்கவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் நாற்று வேரோடு வந்துவிடும்.

குனிந்து மண்டியிட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும். புல் நாற்றின் இலை தண்டோடு சேரும் இடத்தை விரலால் விலக்குங்கள். துப்பாக்கிக் குறிமுள் போல இரண்டு கூர்நுனி நிமிர்ந்திருந்தால் இந்தியன் கிராஸ். அங்கே வி வடிவத்தில் மயிர்க் கற்றை இருந்தால் ஸ்விட்ச் கிராஸ். அடித்தண்டு தட்டையாக அழுத்தினாற்போல நீலம் பாய்ந்திருந்தால் லிட்டில் புளூஸ்டெம். இலையின் மேற்பக்கம் முழுக்கக் குறுமயிர் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் ஜயன்ட் பாக்ஸ்டெயில். சதுர அடிக்கு ஒரு நாட்டுச் செடி தெரிந்தாலே விதைப்பு வென்றது என்று கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டும் பொல்லாத களைகளும்

இரண்டாம் ஆண்டு பிளாக் ஐட் சூசனும் பெர்கமாட்டும் பூத்துக் குலுங்கும். ஜூன் தொடக்கத்தில் ஒருமுறை, 8 முதல் 12 அங்குல உயரத்தில் வெட்டினால் போதும்.

ஓராண்டுக் களைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மண் மூடியதும் தாமாகப் போய்விடும். இந்த ஆண்டு கண்ணை வேறு நான்கில் வையுங்கள். சுவீட் குளோவர் இரண்டாண்டுச் செடி. இரண்டாம் ஆண்டில் பூத்து விதை தட்டினால் அந்த விதை மண்ணில் முப்பது ஆண்டுக்கு மேல் உயிரோடிருக்கும். மழை பெய்த மறுநாள், பூ வரும் முன், வேரோடு இழுங்கள். இந்த ஆண்டில் ஈர மண்ணில் இழுப்பதால் பிரெய்ரிக்குச் சேதம் குறைவு. கனடா திஸ்ஸில் மண்ணுக்குள் படரும் வேரால் பரவும். ஜூனில் மொட்டு வைக்கும்போது வெட்டி, இலையுதிர்காலத்தில் தழைக்கும் இலைகளில் மட்டும் புள்ளி புள்ளியாக மருந்து தொடுங்கள். இதற்கென்று விற்கும் குளோபிரலிட் மருந்து பிரெய்ரி குளோவர், காம்பஸ் பிளான்ட் குடும்பங்களையும் கொல்லும், ஆகவே நிலம் முழுக்க அடிக்காதீர்கள். கிரவுன் வெட்சைக் கண்ட அன்றே ஒழியுங்கள். வைல்ட் பார்ஸ்னிப்பின் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரும். முழுக்கை, கையுறையோடு, மண்ணுக்குள் ஓரிரு அங்குலம் கீழே மண்வெட்டியால் வேரை வெட்டுங்கள்.

தீ

மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ எரிக்கும் அளவுக்கு உலர்புல் சேர்ந்திருக்கும். பிரெய்ரி தீயால் உருவானது. மின்னலும் மூட்டியது, கான்சா, ஓசேஜ், பொட்டவாட்டமி போன்ற பூர்வகுடிகளும் வேட்டைக்காகவும் புதுப்புல்லுக்காகவும் திட்டமிட்டு மூட்டினார்கள். வளரும் முனை மண்ணுக்குள் இருப்பதால் புல்லுக்குச் சேதமில்லை. முனை மேலே இருக்கும் மரக்கன்றும் புதரும் கருகும். கரிந்த மண் வெயிலில் சீக்கிரம் சூடேறி, பிரெய்ரிப் புல்லை முன்னதாக எழுப்பும்.

பயிற்சி இல்லாமல் தீயைத் தொடாதீர்கள். மாநில அனுமதி, தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல், அண்டை வீட்டாருக்கு முன்னறிவிப்பு மூன்றும் முடிந்தபின், எரிப்பில் அனுபவமுள்ள ஒருவரின் பொறுப்பில் செய்யுங்கள். ஒரு ஏக்கருக்கென்றாலும் குறைந்தது நான்கு பேர், முதுகில் சுமக்கும் நீர்ப்பம்புகள், அடித்தணிக்கும் ரப்பர் மட்டைகள், தண்ணீர்த் தொட்டி வேண்டும். உடை பருத்தி அல்லது தீத்தடுப்புத் துணி, காலில் தோல் பூட்ஸ். நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

முந்தைய ஆகஸ்டிலேயே சுற்றிலும் பத்தடி அகலத்துக்குத் தீத்தடுப்புக் கோடாகப் புல்லை வெட்டி, தாளை வாரிவிடுங்கள். எரிக்கும் நாளில் காற்று மணிக்கு 5 முதல் 12 மைல், ஒரே திசையில் நிலையாக வீச வேண்டும்; காற்றின் ஈரப்பதம் 30 முதல் 55 சதவீதம். காற்றே இல்லாத நாளும் ஆபத்துதான்: தீ எந்தப் பக்கமும் திரும்பும், புகை தரையிலேயே தங்கும்.

தெற்கிலிருந்து காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வடக்கு எல்லையின் நடுவில் தொடங்குங்கள். எரியும் எண்ணெயைச் சொட்டவிட்டுத் தீ மூட்டும் டிரிப் டார்ச் கருவியில் மூன்று பங்கு டீசலுக்கு ஒரு பங்கு பெட்ரோல். இருவர் எதிரெதிர்த் திசையில் கோட்டின் உள்விளிம்பை ஒட்டி மூட்டிக்கொண்டே போக, எதிர்த்தீ காற்றுக்கு எதிராக மெல்ல ஊர்ந்து வரும். இருபது அடிக் கரும்பட்டை விழும்வரை பொறுத்திருங்கள். அவசரப்படுவது இங்கேதான் விபத்தாகிறது. பிறகு கிழக்கு, மேற்குப் பக்கங்கள். கடைசியாகத் தெற்கு எல்லை. அங்கிருந்து காற்றோடு ஓடும் தீ ஆளுயரத்தைத் தாண்டி எழுந்து, சில நிமிடங்களில் கரும்பட்டையில் மோதி அணைந்துவிடும். புகையும் கட்டை, சாணம், எலிப்பொந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுத்தான் இடத்தை விட்டு நகர வேண்டும்.

முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் எரிக்காதீர்கள். பட்டாம்பூச்சிக் கூடுகளும் தேனீக்களும் அந்தக் காய்ந்த தண்டுகளில்தான் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பங்கு எரியுங்கள். ஏப்ரல் கடைசியில் எரித்தால் அப்போது பச்சையாக இருக்கும் புரோம் அடிபடும், பிரெய்ரிப் புல் வலுக்கும். ஆனால் வசந்தப் பூக்களுக்கும் சேதம். நவம்பரிலோ மார்ச் தொடக்கத்திலோ எரித்தால் பூச்செடிகளுக்கு நல்லது. காலத்தை மாற்றி மாற்றி எரியுங்கள்.

அதிக இடைவெளியும் விடக்கூடாது. கான்சாஸின் கொன்சா பிரெய்ரி ஆய்வு நிலையத்தில் 1, 2, 4, 20 ஆண்டு இடைவெளிகளில் எரித்துப் பார்த்தார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எரித்த பகுதிகளில்கூட டாக்வுட் புதர் பெருகியது. டாக்வுட்டை எரித்தால் மட்டும் போதாது, அடியிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். வெட்டிய சில நிமிடங்களுக்குள் அடிக்கட்டையில் மருந்து தடவ வேண்டும். ரெட் சீடர் மரம் அப்படியில்லை: கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டினால் அதோடு முடிந்தது.

புல் மேலோங்கினால்

ஏழெட்டு ஆண்டில் மீட்டெடுத்த பிரெய்ரி பலவற்றில் ஒரே குறை தெரியும்: பிக் புளூஸ்டெம் சுவர் போல எழுந்து பூக்களைக் காணோம். உண்மையான பிரெய்ரியில் இதைத் தடுத்தவை பைசன் காட்டெருமைகள். அவை புல்லைத் தேடித் தின்று, பூச்செடிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். கொன்சாவில் 1987-இல் பைசன்களைக் கொண்டுவந்து முப்பது ஆண்டு அளவில் பார்த்தபோது, மேய்ச்சலே இல்லாத பகுதிகளோடு ஒப்பிட அங்கே நாட்டுத் தாவர இனங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தன. இல்லினாயின் நசூசா கிராஸ்லாண்ட்ஸில் 2014-இலும் மிடவின் பிரெய்ரியில் 2015-இலும் பைசன்கள் திரும்பி வந்தன.

ஒரு ஏக்கரில் பைசன் வளர்க்க முடியாது. அதற்குப் பதில் ஜூன் கடைசியில் ஒரு பகுதியை எட்டங்குலத்துக்கு வெட்டி, வைக்கோலை வெளியே எடுத்துவிடுங்கள். புல் அந்தப் பருவம் பின்தங்கும். அந்த இலையுதிர்காலத்திலேயே வுட் பெடோனி விதையை அங்கே தூவுங்கள். இது அரை ஒட்டுண்ணி: தன் வேரைப் பக்கத்துப் புல்லின் வேரில் கோத்துச் சத்தை உறிஞ்சும். மெதுவாகத்தான் பிடிக்கும், பிடித்த இடத்தில் புல் குட்டையாகிப் பூச்செடிகளுக்கு இடம் விடும். விதை ஜூலை தொடக்கத்தில் முற்றும். அந்த ஆண்டு விதையையே போடுங்கள்.

வசந்தப் பூக்கள்

கோடை முழுக்கப் பூத்தாலும் மே மாதத்தில் வெறுமையாக இருப்பது மீட்டெடுத்த நிலத்தின் அடையாளம். ஷூட்டிங் ஸ்டார், பிரெய்ரி பிளாக்ஸ், வயலட் போன்றவற்றின் விதை விலை அதிகம், முளைப்பது மெது, சேகரிப்பதும் கடினம் என்பதால் கலவைகளில் விட்டுப்போகின்றன. ஆனால் ரீகல் ஃப்ரிட்டிலரி பட்டாம்பூச்சியின் புழு வயலட் இலையை மட்டும்தான் தின்னும். வயலட் இல்லாத பிரெய்ரியில் அதற்கு இடமே இல்லை.

இவற்றை நான்காம் ஆண்டுக்குப் பின், எரித்த பகுதியில், நாற்றாக நடுவது நல்லது. செப்டம்பரிலோ ஏப்ரல் கடைசியிலோ, ஒவ்வோர் இனத்தையும் பத்துப் பதினைந்தாகக் கூட்டமாக நடுங்கள்; தனித்தனியாகச் சிதறினால் தேனீ கண்டுபிடிக்காது, விதையும் பிடிக்காது. விதை சேகரிப்பதென்றால் நில உரிமையாளரின் அனுமதியோடு, ஓரிடத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் சேகரியுங்கள். வயலட் காயும் பிளாக்ஸ் காயும் முற்றியதும் வெடித்து விதையை எறிந்துவிடும். வயலட் காய் தலைகுனிந்திருந்து, நிமிர்ந்து, வெளிறத் தொடங்கும் போது பறித்து, காற்றோட்டமுள்ள துணிப்பையில் இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள். பைக்குள் வெடிச்சத்தம் ஓய்ந்ததும் சலித்து எடுத்து, உலர வைத்துப் பழையதாக்காமல், அந்த நவம்பரிலேயே மண்ணில் போட்டுவிடுங்கள்.